ஆறு சென்ரிமீற்றர் இறக்கம்

பரராசசிங்கம் எதையும் அளந்து பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை. ஹனோவரில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் நின்றவர். அச்சிலிருந்து சூட்டோடு வெளியே வரும் பட்டியின் தடிப்பை அளந்து, சரியென்றால் வலப்பக்கமும் பிழையென்றால் இடப்பக்கமும் தள்ளிவிடுவதுதான் அங்கே அவருக்கு வேலை. வேலையை விட்டு நாலு வருடமாகியும் அந்தக் குணம் அவரை விடவில்லை. காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் அளவுநாடா கிடக்கும். கலியாண வீட்டுக்குப் போனாலும் மண்டப வாசலின் அகலத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பார்.

வாசலைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அவருடைய மனைவி குணேஸ்வரிக்கு மூன்று வருடத்துக்கு முன் மூளையில் இரத்தம் அடைத்து, வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கையும் காலும் வரவில்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். காலையும் மாலையும் பராமரிப்புக்காரப் பெண் ஒருத்தி வந்து, கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றிவிட்டுப் போவாள். மற்றதெல்லாம் பரராசசிங்கத்தின் தலையில். சமையல், மருந்து, உடுப்புத் தோய்ப்பது, வாரத்தில் இரண்டு நாள் கைகால் பயிற்சிக்குக் கொண்டுபோவது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவது. இதையெல்லாம் அவர் முகம் சுளிக்காமல் செய்தார் என்று சொன்னால் பொய். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒன்றும் விடாமல் செய்தார்.

இருபத்துநாலு வயதில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவர். அகதி முகாமில் மூன்று வருடம், உணவகம் ஒன்றில் கோப்பை கழுவியது ஐந்து வருடம், மிச்சமெல்லாம் ரப்பர். குணேஸ்வரி கலியாணமாகி இங்கே வந்த மூன்றாம் மாதமே விடியப்புறம் நாலு மணிக்கு அலுவலகங்கள் துடைக்கப் போகத் தொடங்கிவிட்டாள். எட்டு மணிக்குத் திரும்பி வந்து சமைப்பாள். அவர் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் தன்னுடைய சோற்றுக் கோப்பையில் போடுவாள். இருந்து சாப்பிடும் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு வீட்டில் இருந்தும், மனைவி சாப்பிடுவதை அவர் கண்டது ஊரார் வீட்டுப் பந்திகளில்தான். வருத்தம் வந்து நாற்காலியோடு ஆன பிறகும் அது மாறவில்லை. இடக்கையால் சாப்பிடும்போது சோறு மடியில் சிந்துகிறது, வெட்கமாக இருக்கிறது, நீங்கள் அங்காலை போங்கோ என்பாள். அவரும் கோப்பையை வைத்துவிட்டு மற்ற அறைக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போடுவார்.

அவளை ஏற்றிப் போவதற்கென்று பழைய பிரெஞ்சு வான் ஒன்றை வாங்கியிருந்தார். கூரை உயர்ந்தது. பின்கதவைத் திறந்து, மடித்து வைத்திருக்கும் சாய்வுப் பலகையை நிலத்துக்கு இறக்கி, நாற்காலியோடு அவளை உள்ளே தள்ளிக்கொண்டுபோய் வாரால் கட்டிவிடலாம். வசதியான ஏற்பாடுதான். ஆனால் வண்டியின் பின்பக்கம் உயரம். பலகை ஏணி மாதிரி நிமிர்ந்து நின்றது. முதல் வருடம் ஒரு மூச்சில் தள்ளினார். இரண்டாம் வருடம் அவருக்கு இடுப்பு நாரியில் சத்திரசிகிச்சை செய்தார்கள். மூன்றாம் வருடம் பாதிப் பலகையில் நின்று, முழங்காலால் நாற்காலிக்கு முட்டுக் கொடுத்து, ஒருதரம் முனகிவிட்டுத்தான் மிச்சத்தைத் தள்ளினார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் பலகை ஈரமாக இருந்தது. கால் வழுக்கி விழுந்தார். நாற்காலி பின்னால் உருண்டு வந்து அவருடைய நெஞ்சில் இடித்து நின்றது. கொஞ்ச நேரம் மூச்சு வரவில்லை. பிறகு எழும்பி, பலகை வழுக்குது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, திரும்பத் தள்ளி ஏற்றினார். நாற்காலி வண்டிக்குள் பார்த்தபடி இருந்ததால் குணேஸ்வரி ஒன்றையும் காணவில்லை என்பது அவருடைய நினைப்பு. வேறு ஒருவருக்கும் அவர் அதைச் சொல்லவில்லை.

சொல்லாவிட்டாலும் மகள் தக்சாயினிக்குக் கண் இருக்கிறது. பிறேமனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள், மாதத்தில் ஒரு தடவை வந்து போவாள். வரும்போதெல்லாம் அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும், அம்மா மெலிந்துகொண்டு போவதையும் பார்த்தாள். அம்மா மெலிந்துவிட்டாள் என்று அவள் சொன்னபோது பரராசசிங்கத்துக்குக் கோபம் வந்தது. நான் ஒழுங்காகச் சமைத்துப் போடவில்லை என்கிறாயா என்று ஏறி விழுந்தார். அவளுக்கு இருக்கிற சீனி வருத்தத்துக்கு நிறை குறைவது நல்லது என்று டொக்ரரே சொல்லியிருக்கிறார் என்றார். சொன்னதும் உண்மைதான். டொக்ரர் ஐந்தாறு கிலோ குறையச் சொல்லியிருந்தார்.

வைகாசி முடிகிற நேரம் தக்சாயினி ஒரு கடிதத்தோடு வந்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன் அவளே பெயர் பதிந்து வைத்த பராமரிப்பு இல்லத்தில் ஒரு இடம் காலியாகியிருக்கிறதாம். ஹைம் என்று எல்லாரும் சொல்கிற இடம். ஆனி மாத முடிவுக்குள் ஆம் அல்லது இல்லை சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"அப்பா, உங்களாலை தனிய ஏலாது," என்றாள் தக்சாயினி. "நான் உங்களைக் குறை சொல்லேல்லை. ஏலாது எண்டுதான் சொல்லுறன்."

குணேஸ்வரி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கையும் அவித்த கரட்டையும் கண்டால் முகத்தைத் திருப்புகிறவளை, தமிழில் ஒரு சொல் கேட்க வழியில்லாத இடத்தில் கொண்டுபோய் விடுவதா என்று அவருடைய நெஞ்சு கொதித்தது. தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை அது நடக்காது என்று அன்றைக்கே முடிவெடுத்தார். பிறகுதான் யோசித்தார்: தன்னால் ஏலாமல் இருப்பது எது? சமையல் ஏலும். தோய்ப்பு ஏலும். அந்தப் பலகை ஒன்றுதான் ஏலாது. பலகையின் சரிவைக் குறைத்தால் மகளின் வாயை அடைக்கலாம். நாடாவை எடுத்துக்கொண்டு கீழே போய் அளந்தார். வண்டியின் பின்பக்கம் ஆறு சென்ரிமீற்றர் இறங்கினால் போதும் என்று கணக்கு வந்தது.

இரண்டு கராஜ்களில் கேட்டார். வண்டியின் உயரத்தை மாற்றுவதென்றால் அத்தாட்சிப் பத்திரம் வேண்டும், சோதனைக்காரர் பார்த்து வண்டிப் புத்தகத்தில் எழுதவேண்டும், இந்தப் பழைய வண்டிக்கு அப்படி ஒரு பத்திரமே கிடையாது என்று இரண்டு இடத்திலும் கையை விரித்தார்கள். கடைசியில் றெக்ஸிடம் போனார். றெக்ஸ் மன்னார்க்காரன், ஒரு கராஜில் இருபது வருடமாக வண்டி திருத்துகிறவன். அவரைவிடப் பத்து வயது இளையவன்.

"நான் செய்து தரமாட்டன் எண்டு கோவியாதேங்கோ அண்ணை," என்றான். "பத்திரம் இல்லாமல் கை வைச்சனெண்டு தெரிஞ்சால் கராஜ் மாஸ்ரர் என்னை வேலையாலை நிப்பாட்டிப்போடுவான். எப்பிடிச் செய்யிறதெண்டு சொல்லித்தாறன், சாமானும் தாறன். ஆனா ஒண்டு. அக்கா ஏறி இருக்கிற மாதிரி பாரத்தை வைச்சுத்தான் உயரத்தை அளக்கவேணும். வெறும் வண்டியை அளந்தியளெண்டால் பிறகு சைலன்சர் றோட்டிலை உரசும்."

அந்த வண்டியின் பின்பக்கத்தில் சுருள் வில் கிடையாது. இரண்டு கட்டை விரல் தடிப்பில் இரண்டு உருக்குக் கம்பிகள் குறுக்கே படுத்திருக்கும். இரண்டின் முனைகளிலும் பல் வெட்டியிருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கம்பி முறுகிக் கொடுக்கும். கம்பியைப் பல்லிலிருந்து உருவி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையைச் சற்று உயர்த்திவைத்து, மறுபடி பல்லில் செருகினால் வண்டி அந்த அளவுக்குக் கீழே வரும். கேட்கச் சுகமான காரியம். இருபது வருடத்துத் துருவும் கறளும் பிடித்த கம்பியை உருவுவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு வாடகைக் கொட்டகை இருந்தது. வண்டி விடுவதற்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. ஆகவே ஞாயிறு தொடவில்லை, மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை சுத்தியல் தூக்கவில்லை. மற்ற நேரத்தில் கதவை முக்கால்வாசி இழுத்து மூடிவிட்டு வண்டிக்குக் கீழே படுத்தார்.

பாரத்துக்கு என்ன செய்வது என்பது பெரிய யோசனையாக இருந்தது. மணிக்கணக்கில் குணேஸ்வரியை வண்டிக்குள் இருத்திவைக்க முடியாது. ஆஸ்பத்திரிக் கடதாசியைத் தேடி எடுத்தார். நிறை எழுபத்தாறு கிலோ. நாற்காலி பதினாலு. ஆக மொத்தம் தொண்ணூறு. தமிழ்க் கடைக்குப் போய் இருபது கிலோ அரிசி மூட்டை நாலும், பத்துக் கிலோ மாப் பை ஒன்றும் வாங்கினார். வீட்டில் ஏதும் விசேஷமோ என்று கடைக்காரர் சிரித்தார். ஓம், கொஞ்சம் பெரிய விசேஷம்தான் என்று இவரும் சிரித்துவிட்டு வந்தார். கடைப் பெடியங்கள் ஏற்றிக் கொடுத்த மூட்டைகளை நாற்காலி நிற்கிற இடத்தில் வரிசையாக அடுக்கினார். அரிசி மூட்டையை மனைவி என்று வைத்துக்கொண்டு அவர் அளந்த அழகை யாரும் பார்க்காதது நல்லது.

முதல் நாள் முழுவதும் ஒரு கம்பியும் அசையவில்லை. எண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். இரண்டாம் நாள் றெக்ஸ் கொடுத்த இழுப்புச் சுத்தியலைக் கம்பியின் முனையில் பூட்டி, படுத்தபடியே அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் நாரியில் ஊசி குத்தியது. கறள் கண்ணுக்குள் கொட்டியது. அறுபத்துமூன்று வயதில் சீமெந்துத் தரையில் படுத்துக் கிடந்து இரும்போடு மல்லுக்கட்டுகிற தன்னை நினைக்க அவருக்கு அழுகையும் வந்தது, பிடிவாதமும் வந்தது. பிடிவாதம்தான் வென்றது. மூன்றாம் நாள் இடப்பக்கக் கம்பி ஒரு முறை கத்திவிட்டு வெளியே வந்தது. ஐந்தாம் நாள் வலப்பக்கமும் வந்தது. இரண்டையும் தேய்த்து, கிறீஸ் பூசி, சக்கரக் கையை உயர்த்தி, பல்லைப் பொருத்தி, திரும்பச் செருகினார். ஒரு பல்லுத் தவறி இரண்டு தரம் கழற்றிப் பூட்டவேண்டி வந்தது.

ஏழாம் நாள் பின்னேரம் வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, மூட்டைகளோடு முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்தார். ஆறு சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பின்கதவு விளிம்பின் நேருக்குக் கொட்டகைச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பலகையை இறக்கினார். அது முன்னைப் போல நிமிர்ந்து நிற்கவில்லை, நிலத்தோடு சமாதானமாகப் படுத்தது. சந்தோஷம் தாங்காமல் அங்கேயே நின்று மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். ஹைமுக்கு இல்லையென்று எழுதிப் போடு, கொப்பனுக்கு ஏலும் என்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்கோ அப்பா என்று மகள் சொன்னாள். மாத முடிவு அந்த வெள்ளிக்கிழமை.

அடுத்த நாள் பயிற்சி இல்லாத நாள். ஆனாலும் குணேஸ்வரியைக் கீழே கூட்டிக்கொண்டுவந்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாக நிலத்தில் இழுத்து இறக்கி, பலகையை விரித்து, நாற்காலியைத் தள்ளினார். முனகவில்லை. முழங்காலால் முட்டுக் கொடுக்கவில்லை. நாற்காலி தானாகவே போவது போல உள்ளே போயிற்று. எப்படி இருக்குது என்று கேட்டார். நல்லாயிருக்கு என்றாள். வாரைக் கட்டிவிட்டு, வண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் உருட்டி, கோட்டைப் பார்த்தார்.

விளிம்பு கோட்டுக்கு மேலே நின்றது. ஒரு விரல் தடிப்புக்கு மேலே.

பல்லுத் தவறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. அவளை இறக்கி, மூட்டைகளைத் திரும்ப ஏற்றினார். விளிம்பு சரியாகக் கோட்டில் வந்து நின்றது. மூட்டைகளை இறக்கி அவளை ஏற்றினார். மறுபடியும் ஒரு விரல் மேலே. நாடாவால் அளந்து சுவரில் இரண்டாவது கோடு போட்டார். குணேஸ்வரி வண்டிக்குள் இருந்தாள். ஆனி வெயிலிலும் அவள் கம்பளிச் சட்டைக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தாள். குளிருது என்று எப்போதும் சொல்லுவாள்.

கடைசியாக அவளை இறக்கி நிழலில் விட்டுவிட்டு, மூட்டைகளை ஏற்றி, ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். மாப் பையை எடுத்தார், போதவில்லை. ஒரு அரிசி மூட்டையையும் எடுத்தார். விளிம்பு இரண்டாவது கோட்டில் வந்து நின்றது. வண்டிக்குள் மிஞ்சியிருந்தது மூன்று மூட்டை. அறுபது கிலோ. அதில் நாற்காலி பதினாலு.

நாற்பத்தாறு.

பரராசசிங்கம் மூட்டையின் மேலேயே குந்தினார். கணக்கில் பிழை தேடினார், கிடைக்கவில்லை. வாசல், பலகை, கம்பி, சுவர் எல்லாவற்றையும் அளந்தவர், தன் மனைவியைப் பழைய கடதாசியில் பார்த்து எழுபத்தாறு என்று எழுதிக்கொண்டவர். அவளைத் தூக்கி மாற்றுவது பராமரிப்புக்காரப் பெண். அவர் தள்ளுவது மட்டும்தான். அவருடைய பலம் குறையக் குறைய அவளுடைய பாரமும் குறைந்துகொண்டு வந்ததால், அவருடைய கைக்கு அவள் எப்போதும் போலவே கனத்தாள்.

அப்போதுதான் விரதங்கள் நினைவுக்கு வந்தன. குணேஸ்வரி ஊரிலிருந்து வந்த நாள் தொட்டு வெள்ளிக்கிழமை விரதக்காரி. மாசிக்குப் பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பிறகு திங்கள். பிறகு சனி. இடையில் சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம். கடை நாட்காட்டியில் ஒரு சிவப்பு எழுத்து மிச்சமில்லை. ஒரு நேரச் சோறு, அதிலும் பாதி. காணும், காணும், இவ்வளவு போதும் என்பாள். கால் திரும்பி வரவேண்டும் என்று அம்மனைக் கும்பிடுகிறாள் என்று அவர் நினைத்தார். கோயிலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்.

நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

"நீர் ஏன் சாப்பிடாமல் கிடந்தனீர்?" என்று கேட்டார்.

வருத்தத்துக்குப் பிறகு ஒரு வசனம் கோர்க்க அவளுக்கு நேரம் எடுக்கும். அவர் காத்து நின்றார்.

"இஞ்சருங்கோ, அண்டைக்கு நீங்கள் விழுந்தனீங்கள்," என்றாள். "எனக்குத் திரும்பிப் பார்க்கேலாது. உங்கட மூச்சுக் கேக்கேல்லை. செத்துப்போட்டியளோ எண்டு நினைச்சன். எனக்குக் கூப்பிடவும் வாய் வரேல்லை." இடக்கையால் சால்வையை இழுத்துவிட்டாள். "பாரம் குறைஞ்சால் உங்களுக்குச் சுகமா இருக்கும்தானே."

அவர் அந்தக் கொட்டகை வாசலில், கறளும் கிறீசும் அப்பிய கையோடு, வாய் விட்டு அழுதார். தகப்பன் செத்தபோது தொலைபேசியில் செய்தி கேட்டு அழுதது போல அழுதார். குணேஸ்வரி இடக்கையை நீட்டினாள். எட்டவில்லை.

அன்று மத்தியானம் அவரே சோறு குழைத்து, அவளுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். வண்டி இறங்கிவிட்டது, இனி எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை, நூறு கிலோ இருந்தாலும் தள்ளுவேன், சாப்பிடும் என்றார். அவள் அவருக்காக மூன்று வாய் சாப்பிட்டாள். நாலாவது வாயில் நிறுத்திவிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். கெஞ்சிப் பார்த்தார். பேசிப் பார்த்தார். கோபத்தில் கோப்பையைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டுவிட்டு, பிறகு அதற்கும் அழுதார். அவள் பிடிவாதத்தில் அப்படிச் செய்யவில்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு எழும்புவதைப் பார்த்த உடனே அவளுக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது. தான் சாப்பிடுகிற ஒவ்வொரு வாயும் இந்த மனிதனுடைய நாரியில் போய் ஏறுகிறது என்று அவளுடைய உடம்பே பழகிவிட்டது. ஆறு சென்ரிமீற்றர் அதற்கு என்ன செய்யும்?

மூன்றாம் நாள் வியாழன். அவள் நித்திரையான பிறகு, போர்வைக்கு வெளியே கிடந்த அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வளையல் முழங்கைவரை ஏறிக் கிடந்தது. தான் அவளை ஹைமிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று இத்தனை நாளும் மார்தட்டினார். அவளோ அவரைக் காப்பாற்றுவதற்காக உருகிக்கொண்டிருந்தாள். அவளை வீட்டில் வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அவளைக் கொல்கிற நாள் என்று அவருக்கு விளங்கியது. இது விளங்குவதற்குப் பதிலாகத் தன் நாரி முறிந்திருக்கலாம் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். ஓம் எண்டு எழுதிப்போடு பிள்ளை என்றார். தக்சாயினி ஏன் என்று கேட்டாள். வண்டி சரிவரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். குணேஸ்வரியிடம் சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள். நீங்கள் நல்லா நித்திரை கொள்ளுவியள் என்று மட்டும் சொன்னாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை அவரே அவளைக் கொண்டுபோய் விட்டார். பலகையில் நாற்காலி ஒரு கையால் தள்ளக்கூடிய மாதிரி ஏறியது. அப்படி ஏறியதை அவரால் பொறுக்க முடியவில்லை. பாதியில் நின்று, வேண்டுமென்றே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் இரண்டு கிழமையும் வண்டியை எடுக்காமல் காலையில் பஸ்ஸில் போய் இருந்துவிட்டு, அவர்கள் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் முன் திரும்பிவிடுவார். மூன்றாம் கிழமை ஒரு நாள் பஸ் பிந்தியது. போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. சாப்பாட்டு மண்டபத்தின் வாசலில் நின்ற பொறுப்பான பெண் அவரைக் கண்டு சிரித்தாள். உங்கள் மனைவி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், திங்கட்கிழமை நிறை பார்த்தோம், இரண்டு கிலோ கூடியிருக்கிறார் என்றாள்.

யன்னல் பக்கத்து மேசையில் குணேஸ்வரி இருந்தாள். முன்னால் மசித்த உருளைக்கிழங்கும், அவித்த கரட்டும், ஏதோ ஒரு மஞ்சள் குழம்பும். இடக்கையால் கரண்டியைப் பிடித்து, குனிந்து, நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஜெர்மன் கிழவி தன்னுடைய புட்டிங் கிண்ணத்தை அவளுக்குப் பக்கமாகத் தள்ளிவைத்தாள். அதையும் எடுத்தாள். மடியில் சிந்தியதை அவள் பொருட்படுத்தவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் மனைவி பசியோடு சாப்பிடுவதை அவர் முதல்முதலாகக் கண்டது அங்கேதான். அழகாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம் நெஞ்சைப் பிடித்து இழுத்தது.

பார்த்துக்கொண்டே இரண்டடி உள்ளே போய்விட்டார். குணேஸ்வரி நிமிர்ந்தாள். அவரைக் கண்டாள். கரண்டியை மெல்ல மேசையில் வைத்தாள்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

சாப்பிட்டுவிட்டேன் என்றார். நீர் சாப்பிடும், நான் சும்மா வந்தனான் என்றார். அவள் கோப்பையைக் கையால் அங்கால் தள்ளிவைத்தாள். பாதிக் கிழங்கு மிச்சமிருந்தது.

"எனக்குக் காணும்," என்றாள்.

அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வைக்கவேண்டும், இப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாகனம் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறதற்கு ஒரு மர வாங்கு இருந்தது. அதில் இருந்து மணியைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது. சாப்பாடு ஒன்றே காலுக்கு முடியும். தான் இல்லாவிட்டால் அவள் மிச்சத்தையும் சாப்பிடுவாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஒன்றரைக்குத்தான் திரும்ப உள்ளே போனார். இப்போதும் அப்படித்தான். ஒன்றரைக்கு முன் அவர் அந்த வாசலை மிதிப்பதில்லை.